ஒற்றைத் தும்மலும் இருபதாவது கல்லும்

என் மருமகன் குமரேசன் பதினேழு வருடமாக ஓர் ஆட்டுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். கிரீன் கார்டு அதற்கு முன்பே வந்துவிட்டது.

சந்தையில் கிடைக்கும் ஆடு அல்ல. டெக்சஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், மழையே எட்டிப் பார்க்கத் தயங்கும் மொட்டை மலைகளில், வளைந்த பெரிய கொம்புள்ள காட்டாடுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே அற்றே போய்விட்டனவாம். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டு மெல்லப் பெருக்கியிருக்கிறார்கள். அதனால் வருடத்துக்கு ஏதோ சில கிடாக்களை மட்டும், அதுவும் கிழட்டுக் கிடாக்களை மட்டும், சுட அனுமதி. யார் சுடுவது என்பதற்குக் குலுக்கல். சீட்டு விழுந்தவருக்கு ஐந்து நாள், ஒரு கிடா. அதற்குள் அகப்படாவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“மறுபடி விழணும்னா இன்னொரு பதினேழு வருஷம் மாமா. அப்போ என்னைத்தான் யாராவது தூக்கிட்டுப் போகணும்” என்றார் குமரேசன்.

சீட்டு விழுந்த செய்தி வந்ததும் அவர் ஆலன் நகரிலுள்ள தன் வீட்டை மூன்று முறை சுற்றி ஓடினார். எண்ணியது நான். அரசாங்க நெல் கிடங்குகளில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். அடுக்கின் முகத்தைப் பார்த்தே உள்ளே எத்தனை மூட்டை என்று சொல்லிவிடுவேன். இப்போது எண்ணுவதற்கு மூட்டை இல்லை. கண்ணில் படுவதை எண்ணுகிறேன். மகள் வீட்டுத் தெருவில் நாற்பத்திரண்டு தபால் பெட்டிகள். ஒன்று சாய்ந்திருக்கிறது. யாரும் கவனிப்பதில்லை.

குமரேசனோடு போவதாக இருந்த ரவுண்ட் ராக் நகரத்து நண்பருக்குப் புறப்படுகிற சமயம் பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது. என் மகள் வடிவு, சிக்னல் இல்லாத மலைக்குக் கணவரைத் தனியாக அனுப்ப முடியாது என்று கதவை மறித்தாள்.

“தனியா எங்கே? கைடு வர்றாரு. வேட்னு பேரு. முப்பது வருஷ எக்ஸ்பீரியன்ஸ்.”

“உங்க சுகர் மாத்திரை எப்போ போடணும்னு அந்த வேட்டுக்குத் தெரியுமா?”

இருவரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

“எப்பா, நீங்க சும்மாதானே இருக்கீங்க” என்றாள் மகள்.

பேத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “தாத்தா! யூ டோன்ட் ஈவன் ஈட் எக்ஸ்!”

உண்மை. எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்தது கிடையாது. திண்டுக்கல்காரரான குமரேசனை வடிவு தானாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டபோது பல பேச்சுவார்த்தைகளுக்குப் பிறகு ஏற்பட்ட உடன்பாடு, அவருடைய கறி மீனெல்லாம் கராஜில் உள்ள இரண்டாவது ஃப்ரிட்ஜோடு நிற்க வேண்டும் என்பது. என் வாழ்க்கையில் நான் கொன்ற மிகப் பெரிய பிராணி கிடங்கு எலி. அதுவும் நேரடியாக இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே புறப்படுமுன் பூஜை அலமாரி முன்னால் நின்று, யாருக்கும் கேட்காமல், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். ஐந்து நாளும் ஒரு கிடாகூட மருமகன் கண்ணில் படக்கூடாது.

வடிவு எனக்காக ஓர் எவர்சில்வர் டப்பா நிறைய இட்லிப் பொடி வைத்தாள். அவள் வளைகாப்புக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த டப்பா. மூடியில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக அவள் பெயர் வெட்டியிருக்கும். “டப்பா பத்திரம்பா” என்றாள். நான் பத்திரம் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

டெக்சஸின் குறுக்கே போவதைப் பயணம் என்று சொல்லக்கூடாது, குடியேற்றம் என்று சொல்ல வேண்டும். சென்னையில் கிளம்பியிருந்தால் கன்னியாகுமரியைத் தொட்டு, கடலில் கால் நனைத்து, நாகர்கோவிலில் டிபன் சாப்பிட்டிருக்கலாம். இங்கே அதே மாநிலம், அதே நேர்சாலை, அதே வானம். இரண்டு பக்கமும் எண்ணெய் உறிஞ்சும் இயந்திரங்கள், தலையை ஆட்டி ஆட்டி, எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மாதிரி. நானூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். அப்போது குமரேசன் “மாமா, மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்டார். எண்ணிக்கை போய்விட்டது. மாத்திரை அவர் போட வேண்டியது.

பெட்ரோல் பங்கில் சாப்பாடு. சைவமாக இருந்தது பர்ரிட்டோ ஒன்றுதான். பயறு மசியலைச் சப்பாத்தியில் வைத்துப் பச்சைக் குழந்தை மாதிரி சுற்றித் தருகிறார்கள். பயற்றைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள் என்று யாரோ சொல்லியிருந்ததால் கல்லாவில் இருந்த அம்மாளிடம் விசாரித்தேன். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “கொஞ்சமாகத்தான்” என்றார். நான் வாழைப்பழம் சாப்பிட்டேன்.

நெடுஞ்சாலையை விட்டு மண் பாதையில் இறங்கியதும் ஒரு முள் டயரைப் பதம் பார்த்தது. மாற்று டயர் சாமான்களுக்கு அடியில் இருந்தது. குக்கர், அரிசி, வெந்நீர்ப் பை, என் பிளாஸ்டிக் மக், துப்பாக்கிப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பாலைவனத்தில் பரப்பினோம். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குடும்பம் பாகப்பிரிவினை செய்துகொள்வது போலத் தெரிந்திருக்கும்.

டயரை மாற்றிக்கொண்டே குமரேசன் தன் ஊர்க் கோயில் கிடாவெட்டைப் பற்றிச் சொன்னார். “கிடா தலையில தண்ணி ஊத்திட்டு நிப்பாங்க மாமா. அது உடம்பைச் சிலுப்பி உத்தரவு கொடுத்தாத்தான் வெட்டு. சிலுப்பலன்னா எவ்வளவு நேரமானாலும் வெயிட் பண்ணணும். எங்க தாத்தா ஒரு தடவை மத்தியானம் வரை நின்னாரு.”

“இந்த ஆட்டு மேல யாரு தண்ணி ஊத்துவா?” என்றேன்.

அவர் அதை யோசித்திருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

வேட் எங்களுக்காக மலையடிவாரக் கூடாரத்தில் காத்திருந்தார். ஒல்லியான, காய்ந்த மனிதர். வாயைத் திறக்காமலே பேசுவார். இங்கிலீஷ் நாற்பது வருடம் எழுதியவன் நான், அவர் பேசியதில் பாதியை மீசையைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருந்தது. என் தலையிலிருந்த மங்கி குல்லாவை மட்டும் மிகவும் மெச்சினார். அப்படி ஒன்றை எங்கே வாங்கலாம் என்று கேட்டார். தாம்பரம் ஸ்டேஷன் வாசல் என்றேன்.

என் உத்தியோகத்தைக் கேட்டதும் ஒரு பழைய கொம்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அம்மிக் குழவியின் கனம். கொம்பைச் சுற்றி ஆழமான வளையங்கள் ஓடின. வருடத்துக்கு ஒன்று. வளையத்தை எண்ணினால் வயது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக என் குணத்துக்கு ஏற்ற ஒரு பிராணியைச் சந்தித்திருக்கிறேன்.

“ஏழு” என்றேன்.

“ஒன்பது” என்றார் வேட். “நுனியைப் பாருங்கள் சார். பாறையில் தேய்த்துத் தேய்த்து உடைந்துவிட்டது. முதல் இரண்டு வருடம் அதோடு போய்விட்டது.”

எனக்குச் சுருக்கென்றது. பின்வரிசை மூட்டையை எண்ண மறந்த பயிற்சிக் குமாஸ்தா மாதிரி.

“தொலைநோக்கியில் வளையத்தை எண்ணி, கிழவன்தான் என்று நான் சொன்ன பிறகுதான் சுட வேண்டும்” என்று குமரேசனிடம் சட்டம் சொன்னார் வேட். “நான் தலையாட்டாமல் விரல் அசையக்கூடாது.”

முதல் நாள் முழுக்க ஏறினோம். கால் வைக்கிற இடத்திலெல்லாம் கத்தி போன்ற கற்றாழை, கை வைக்கிற இடத்திலெல்லாம் கள்ளி. என் சாக்ஸில் பதினொரு முள். பெட்டை ஆடுகள்தான் தெரிந்தன. உடம்பெல்லாம் பாறை நிறம், பின்புறம் மட்டும் வெள்ளை வெளேர். பாறையில் ஒட்டிய வெள்ளைத் திட்டுகளைத் தேடி எண்ணினால் போதும், அதுதான் மந்தை.

இந்தத் தகவலால் மறுநாள் விடிகாலையில் எனக்கு ஓர் அவமானம் நேர்ந்தது. கூடாரத்தில் இரவு வேட்டி கட்டித்தான் படுப்பேன். இருள் பிரிகிற நேரத்தில் மக்கை எடுத்துக்கொண்டு சரிவில் ஒரு புதர் மறைவாகப் போயிருந்தேன். முகாமிலிருந்து வேட்டின் குரல் கேட்டது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசியதால் தெளிவாகவே கேட்டது.

“குமார், பைனாகுலரை எடு. புதருக்கு இடது பக்கம். தனி வெள்ளை. பெரிய உருப்படி.”

பிறகு மருமகன் குரல்.

“வேட், அது என் மாமனார்.”

பைனாகுலரை உறையில் போடும் சத்தம் கேட்டது.

“மேய்கிற மாதிரி தெரிந்தது” என்றார் வேட்.

அன்றிலிருந்து கால்சராய்.

அன்று பகல் என்னை முகாமுக்கு மேலே ஒரு பாறை நிழலில் உட்காரவைத்துவிட்டு அவர்கள் இருவரும் மேலே ஏறினார்கள். செய்ய ஒன்றுமில்லை. எதிர்மலையில், உயரத்தில், படிக்கட்டுபோல ஒரு திட்டு. அதில் உருண்டைக் கற்கள். எண்ணினேன். பத்தொன்பது. சாயங்காலம் வெயில் மாறிய பிறகு மறுபடி எண்ணினேன். பத்தொன்பது. மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் கிடா கிடைத்தது. அதாவது, பார்வைக்குக் கிடைத்தது.

என் முழங்காலைப் பொருட்படுத்தாமல் அன்று கூடவே ஏறியிருந்தேன். குமரேசன் தன் சாமான்களோடு என் வெந்நீர்ப் பையையும் சுமந்து வந்தார். ஒரு முகட்டில் வேட் சட்டென்று குப்புற விழுந்தார். நாங்களும் விழுந்தோம். பள்ளத்தாக்குக்கு அப்பால், முந்நூறு கஜத்தில், ஒரு கிடா படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. வேட் தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்துவிட்டு எனக்கும் காட்டினார். எட்டு வளையம், நுனி உடைந்திருந்தது. கூட இரண்டு.

“பத்து” என்றேன்.

“பத்து” என்றார் வேட். குமரேசனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “உன் நேரம். அவசரம் இல்லை.”

குமரேசன் துப்பாக்கியைத் தன் மூட்டை மேல் சாய்த்துக் கன்னத்தை ஒட்டினார். மூச்சு அடங்கிற்று. விரல் வளைந்தது. பிள்ளையாரே, தேங்காய் என்று நினைத்துக்கொண்டேன்.

தும்மினேன்.

ஒரே ஒரு தும்மல். புழுதியா, குளிரா, பிள்ளையாரா, தெரியாது.

கிடா எழுந்து நின்றது. எங்கள் திசையில் பார்த்தது. ஆனால் ஓடவில்லை.

“நிற்கிறது” என்றார் வேட் மெதுவாக. “பக்கவாட்டில் நிற்கிறது. இதைவிட நல்ல வாய்ப்பு வராது. சுடு.”

துப்பாக்கி வெடிக்கவில்லை.

“சுடு, குமார்.”

குமரேசன் கண்ணை எடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “மாமா. இன்னொண்ணு.”

“என்ன இன்னொண்ணு?”

“ஒத்தைத் தும்மல் மாமா! இன்னொண்ணு தும்முங்க!”

“வரலை மாப்பிள்ளை.”

“ட்ரை பண்ணுங்க.”

“தும்மல் என்ன குழாய்த் தண்ணியா, திறந்தா வர்றதுக்கு?”

“என்ன நடக்கிறது இங்கே?” என்றார் வேட்.

தப்பு என்னுடையது, சரிசெய்ய வேண்டியதும் நான்தான் என்று தோன்றியது. பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தேன். வடிவின் பொடியில் மிளகாய் தாராளம். மூடியைத் திறந்து, மூக்கை வைத்து, ஓர் இழுப்பு இழுத்தேன்.

வந்தது. வந்துகொண்டே இருந்தது. பதினொன்று தும்மினேன். கண்ணீரும் சளியுமாக இருந்தாலும் எண்ணிக்கையை விடவில்லை. கிடா நான்கு வரை பொறுமையாகப் பார்த்தது. ஐந்தாவதில் மூடி என் கையிலிருந்து நழுவி, மலைச்சரிவில் ணங், ணங், ணங் என்று ஒவ்வொரு பாறையிடமும் விசாரித்துக்கொண்டே இறங்கியது. கிடா போய்விட்டது. போனது என்றுகூடச் சொல்ல முடியாது. அங்கே இருந்தது, பிறகு இல்லை.

வேட் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

குமரேசன் துப்பாக்கியின் பூட்டைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். என்னை ஏதாவது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சரிவை எட்டிப் பார்த்தார். “அந்தக் கள்ளிகிட்ட மினுங்குது மாமா. நான் எடுத்துட்டு வர்றேன்.”

“எதற்காக இறங்குகிறான்?” என்று வேட் என்னைக் கேட்டார்.

“மூடிக்காக.”

“அதே பொருள் கடையில் கிடைக்காதா?”

“என் மகள் பெயர் வெட்டியிருக்கிறது.”

பத்து வயதுக் கிடாவை விட்டுவிட்டு, டப்பா மூடிக்காகச் செங்குத்துப் பாறையில் நான்கு காலால் இறங்கும் மனிதரை வேட் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருட அனுபவத்தில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை என்று தெரிந்தது.

சாயங்காலம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது அவர் பேச்சை எடுத்தார். ஒரு தும்மலுக்கு என்ன அர்த்தம்? புறப்படும் காரியம் கெடும் என்று அர்த்தம். இரண்டு தும்மினால்? கெடாது. அல்லது உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்க வேண்டும். வேட் தொடையில் தட்டிச் சிரித்தார். “இன்ஜினியர்! கம்ப்யூட்டர் இன்ஜினியர்!”

“நான் நம்பல வேட்” என்றார் குமரேசன். பிறகு என்னிடம் தமிழில், “நிஜமா நம்பல மாமா. விரல்தான் நம்புது” என்றார்.

எனக்கு அந்தப் பேச்சு தாங்கவில்லை. இடம் மாறி உட்காரலாம் என்று எழுந்து, ஸ்டூல் மேல் இருந்த வேட்டின் தொப்பியை எடுத்து அவர் கட்டில்மேல் வைத்தேன்.

மனிதர் துள்ளி எழுந்த வேகத்தில் காபி கொட்டியது. ஓடிப்போய்த் தொப்பியை எடுத்தார், உதறினார், தலையில் வைத்தார், கட்டிலை ஒரு தட்டுத் தட்டினார்.

“கட்டிலில் தொப்பியை வைக்கக் கூடாது” என்றார். “வைத்தால் சாவு வரும்.”

நாங்கள் இருவரும் அவரையே பார்த்தோம்.

“அது வேறு விஷயம்” என்றார் வேட்.

நான்காம் நாள் ஊசிக்காற்று. மேகம் மலையின் கழுத்து வரை இறங்கிவிட்டது. காலையில் கிளம்பியவர்கள் மதியமே நனைந்து திரும்பினார்கள். குமரேசன் துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அதன் பிறகு எனக்கென்று கொண்டுவந்திருந்த தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியால், மிளகு ரசம் வைத்தார். “காலையிலேர்ந்து உங்க குரல் சரியில்ல மாமா” என்றார்.

பதினேழு வருடம். நான் கெடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேசாமல் ரசம் ஊற்றுகிற மருமகனைவிடக் கொடூரமான தண்டனை உலகத்தில் கிடையாது. ரசத்தில் உப்பு குறைவாக வேறு இருந்தது. அதைக்கூடச் சொல்ல முடியவில்லை.

அன்றிரவு போர்வைக்குள் பிள்ளையாரோடு புதிய ஒப்பந்தம் பேசினேன். முதல் தேங்காயை ரத்து செய்துகொள்ள வேண்டும். ஆடு கண்ணில் பட்டால் இரண்டு. இப்படித் திருத்தம் போட்ட கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

கடைசி நாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காற்று எதிர்மலையிலிருந்து எங்களை நோக்கிப் பலமாக வீசியது. வேட்டும் குமரேசனும் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போவது என்று வரைபடத்தை விரித்து விவாதித்துக்கொண்டிருந்தார்கள். இருவர் குரலிலும் நம்பிக்கை இல்லை. நான் என் பாறையில் உட்கார்ந்து, பழக்கத்தில், எதிர்த்திட்டுக் கற்களை எண்ணினேன்.

இருபது.

இடமிருந்து வலம் எண்ணினேன். இருபது. வலமிருந்து இடம். இருபது. கிடங்கில் ஒரு மூட்டை குறைந்தால் திருட்டு. கூடினால் அதைவிடப் பெரிய சிக்கல். கல் குட்டி போடாது.

வலது கோடிக் கல் தலையைத் திருப்பியது.

அவர்கள் இருவரும் வரைபடத்தில் குனிந்திருந்தார்கள். இன்னும் சிறிது நேரத்தில் எதிர்த்திசையில் கிளம்பிவிடுவார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அதற்கு வயது போதாது என்றோ, என் கண்ணில் புரை என்றோ எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கலாம். சைவனாக எழுபத்து மூன்று வருடம் வாழ்ந்தவன், ஒரே ஒரு நாள் எண்ணாமல் இருந்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

ஆனால் கணக்கில் இருபது என்று ஆன பிறகு பத்தொன்பது என்று சொல்ல என்னால் முடியாது. அந்த உப்பில்லாத ரசமும் தொண்டையில் நின்றது.

“மாப்பிள்ளை” என்றேன். “ஒரு கல்லு கூடுதலா இருக்கு.”

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஓடை மடிப்பில் குனிந்து நடந்து, கடைசித் தூரத்தை முழங்கையால் ஊர்ந்து, எதிர்ச்சரிவில் ஒரு பாறைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தோம். என்னை முகாமிலேயே இருக்கச் சொல்லும் தைரியம் இருவருக்கும் வரவில்லை. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நான்தான் கடைசி.

அதே கிடா. எட்டு வளையம், உடைந்த நுனி, பத்து வயது. வேட் பார்த்தார். நான் பார்த்தேன். வேட் தலையாட்டினார்.

குமரேசன் துப்பாக்கியைச் சாய்த்தார். பிறகு தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். “தும்மறதுன்னா இப்பவே தும்மிடுங்க மாமா.”

“எனக்கு வரலை. நீங்க ஆகட்டும்.”

அவர் கன்னத்தை ஒட்டினார். மூச்சு அடங்கிற்று.

தும்மல் வந்தது. வேட்டுக்கு.

தொப்பிக்குள் அமுக்கித் தும்மினார். காற்று எங்கள் பக்கம் வீசியதால் சத்தம் எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. கிடாவுக்குக் கேட்கவில்லை. எங்களுக்குக் கேட்டது. ஒன்று.

குமரேசனின் விரல் நின்றது. நாங்கள் இருவரும் வேட்டைப் பார்த்தோம். வேட் எங்களைப் பார்த்தார். முந்தாநாள் தொடையில் தட்டிச் சிரித்த மனிதரின் முகத்தில் கட்டில்மேல் தொப்பியைக் கண்ட அதே பீதி.

“என்னுடையதும் சேர்த்தியா?” என்று கிசுகிசுத்தார்.

“சேர்த்தி” என்றேன்.

அவர் கையை நீட்டினார். நான் டப்பாவைக் கொடுத்தேன். மூடியைத் தன் சட்டைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு, ஒரு சிட்டிகை எடுத்து, மீசைக்கு மேலே வைத்து இழுத்தார். முகம் சிவந்தது. கண் பிதுங்கியது. தொப்பியை வாயில் அடைத்துக்கொண்டார்.

இரண்டு.

கிடா எழுந்து நின்று, இரவு படிந்த பனி தெறிக்க, தலையிலிருந்து வால் வரை உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது.

“உத்தரவு” என்றார் குமரேசன்.

ஒரே வெடி. மலை அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி ஓய்ந்தது. கிடா நின்ற இடத்திலேயே முன்னங்காலை மடக்கிப் படுத்தது. மறுபடி கல்லாகிவிட்டது.

மேலே ஏறிச் சேர்ந்தோம். குமரேசன் பாட்டிலைத் திறந்து அதன் வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டார். வேட் அதன் உதட்டை விலக்கிக் காட்டினார். பல் பாதிக்கு மேல் இல்லை. “இந்தக் குளிர் தாண்டியிருக்காது சார்” என்றார். எனக்காகச் சொன்னாரோ என்னவோ. நான் கொம்பில் விரலை ஓட்டி ஒவ்வொரு வளையமாக எண்ணினேன். கடைசி வளையங்கள் நெருக்கமாக இருந்தன. வறண்ட வருடங்கள் என்றார் வேட். எட்டும் இரண்டும் பத்து. கணக்கு சரி. சரியாக இருந்ததில் இந்த ஒரு தடவை எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அன்று அதற்குமேல் எதையும் எண்ணவில்லை.

கிளம்பும்போது வேட் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கத் தயங்கினார். அடுத்த வாரம் வேறு ஒரு வேட்டைக்காரர் வருகிறாராம். “அவருக்கு ஒன்று மட்டும் வந்தால் நான் என்ன செய்வேன்?”

பொடியோடு கொடுத்துவிட்டேன். டப்பாவைத் திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்பும்போது காலியாக அனுப்பக்கூடாது, அது எங்கள் வழக்கம் என்று சொன்னேன். வேட் சிரிக்கவில்லை. தொப்பியைத் தொட்டுத் தலையசைத்தார்.

ஆலன் போய்ச் சேர்ந்தோம். வண்டியில் ஐஸ் பெட்டி நிறையக் கறி, பின் சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்த கொம்பு. குமரேசன் மூன்று இரவு சரியாகத் தூங்காதவர், ஆயுளுக்கும் போதுமான கதையைச் சொல்ல வாயைத் திறந்தார். வடிவு எங்கள் பைகளைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பா, டப்பா எங்கே?”

கறி கராஜ் ஃப்ரிட்ஜுக்குப் போயிற்று. கொம்பும் அதன் தலைக்கு மேல் கராஜிலேயே மாட்டப்பட்டது. பிள்ளையாருக்குத் தேங்காய் இரண்டும் உடைத்தேன். டப்பா விஷயம் மட்டும் தீரவில்லை. யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு வந்த அப்பா என்று தினமும் காபியோடு வந்தது.

நான் ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கையில் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் எவர்சில்வர் டப்பா. மூடி இறுக மூடி, அதன்மேல் ஒட்டு நாடா. வடிவு முதலில் மூடியைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்தாள். ஆட்டு வற்றலாக இருக்குமோ என்று நான் இரண்டடி தள்ளியே நின்றேன். இல்லை. பெக்கான் பருப்பு. ஓடு உடைத்துச் சுத்தம் செய்த, முழு முழுப் பருப்பு. நான் சாப்பிடக்கூடியதாகப் பார்த்து அனுப்பியிருக்கிறார்.

சாப்பாட்டு மேசையில் கொட்டி எண்ணினேன். நூற்றுப் பதின்மூன்று. ஒற்றைப்படை.

ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். சரியாகிவிட்டது.